காப்பிக் கடை

காப்பிக் கொட்டையைப் பதமாக வறுத்து, அவ்வப்போது அரைத்து, வடிகட்டியில் இட்டு, வெந்நீர் ஊற்றி இறக்கிய சாற்றைப் புதுப்பாலிற் கலத்தலே நற்காப்பியின் இலக்கணம். ஆயினும், கடைக்கு வருவோர் சுவையை மட்டுமோ நாடுவர்? இன்முக வரவேற்பையும் நாடுவரன்றோ? முன்னாளில் தமிழகத்துக் காப்பிக் கடைகள் பலவற்றில் சாதி பார்த்தே இடம் அளிக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோர் உள்ளே நுழையவும் இயலாது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளிலோ அவர்க்கெனத் தனிக்குவளை இருந்தது. பருகியபின் அதனை அவரே கழுவி வைத்தல் வேண்டும். வாங்கிய காசில் மட்டும் வேற்றுமை இல்லை! 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் உணவகங்களிலும் சாதி காரணமாக எவரையும் தடுத்தலாகாது என விதித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அவ்வாறு தடுப்போர்க்குத் தண்டனை வகுத்தது. அதன் பின்னரும் ஊர்கள் சிலவற்றில் இரட்டைக் குவளை நெடுங்காலம் நீடித்தது.