கொல்லைப்புறத்தில் விஷப்பாம்பு

தமிழ்நாட்டில் மனித உயிருக்கு உலை வைக்கும் பாம்புகள் பெரும்பாலும் நான்கே: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். கொல்லையில் அடிக்கடி தென்படும் சாரைக்கும் தண்ணீர்ப்பாம்புக்கும் விஷம் இல்லை. சாரையை நல்ல பாம்பென்று அடித்துக் கொல்பவர்களும் உண்டு. கட்டுவிரியனை விஷமற்ற வெள்ளிக்கோல் வரையன் என்று நினைத்துக் கையில் எடுப்பவர்களும் உண்டு. இரண்டாவது தவறு உயிரையே பறிக்கும்.

பாம்பு வருவது எலிக்காக, தவளைக்காக, ஒளிய ஓர் இடத்துக்காக. மாதக்கணக்கில் கலைக்காத விறகு அடுக்கு, சுவரோரம் மிஞ்சிக் கிடக்கும் செங்கல், காய்ந்த தென்னமட்டைக் குவியல், கோழிக்கூட்டுக்கு அடியில் சிந்திய தீவனம் எல்லாம் அப்படியே இருக்க, வாசலில் சிறியாநங்கை நடுவதாலும் பூண்டுக் கரைசல் தெளிப்பதாலும் ஆவது ஒன்றுமில்லை. விறகைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குவதும், பொந்துகளை அடைப்பதும், சாக்கடைக் குழாயின் வாயில் கம்பிவலை பொருத்துவதும்தான் பயன் தரும். இருட்டில் கொல்லைக்குப் போக டார்ச்சும் செருப்பும் வேண்டும்.

கட்டுவிரியனின் கதை வேறு. அது இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் வலியோ வீக்கமோ இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுபவரின் இமைகள் தாமாகச் சரிந்தால், அஜீரணம் என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்வதும் நல்ல தடுப்பு.

பாம்பைக் கண்டால் எட்ட நின்று, அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தப் பாம்புகளைக் கொல்வது குற்றம். தன்னுயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தில் கொன்றால் குற்றமாகாது என்று அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஓடி ஒளியும் பாம்பைத் துரத்தி அடித்தவருக்கு அந்த விலக்கு பொருந்துவது கடினம்.

கடிபட்டால் இறுக்கிக் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கேடு. மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் 108 ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. அதற்கான விஷத்தைப் பல்லாண்டுகளாக எடுத்துத் தருபவர்கள், 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர்.

மருத்துவமனையில் கொஞ்சம் ரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் கண்ணாடிவிரியன் அல்லது சுருட்டைவிரியன் விஷம் ஏறியிருக்கிறது. கடித்தும் விஷம் இறங்காமல் போவதுண்டு. மருந்தாலேயே கடும் ஒவ்வாமை வரவும் கூடும். அறிகுறி தெரியாதவருக்கு மருந்து ஏற்றாமல் ஒரு நாள் கண்காணிப்பில் வைப்பது அலட்சியம் அல்ல, சிகிச்சை முறையே அதுதான். அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து இலவசம். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியதால், தனியார் மருத்துவமனைகளும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவை. கண்ணாடிவிரியன் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால், வீடு திரும்பிய பிறகு சிறுநீர் குறைந்தாலோ முகம் வீங்கினாலோ மறுபடியும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.