கட்டிங் போட்டாலே குவார்ட்டர் போதை! தெரியுமா?

குவார்ட்டரில் பாதி கட்டிங். புதுக்கோட்டை டாஸ்மாக் வாசலில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால், உடல் எடையைக் குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு அந்த 90 மில்லி, முழுக் குவார்ட்டர் போல ஏறும் என்பது தெரியுமா?

கட்டுக்கதை அல்ல! அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடைக்குறைப்பு ஆபரேஷனான இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட பெண்களுக்கு அந்த ஊர்க் கணக்கில் இரண்டு பெக் கொடுத்துப் பார்த்தார்கள். நம்ம ஊர் கட்டிங்கில் இருக்கிற ஆல்கஹாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ரத்தத்தில் ஏறியதோ நான்கு பெக்குக்கு உரிய அளவு! அதுவும் குடித்து முடித்த ஐந்தே நிமிடங்களில் உச்சம். 2015இல் வெளிவந்த ஆய்வு இது.

காரணம் எளிது. பைபாஸில் இரைப்பை எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருக்கப்படுகிறது. மது அங்கே தங்காது. நேரே சிறுகுடலுக்குப் பாயும். ரத்தத்தில் கலப்பது அங்கேதான் வேகம். 'எனக்கு பைபாஸ் இல்லை, இரைப்பையை வெட்டிக் குறுக்கும் ஸ்லீவ்தான்' என்று யாரும் நிம்மதிப்பட வேண்டாம். 2018 ஆய்வில் ஸ்லீவ் செய்தவர்களுக்கும் இதே இரட்டிப்புதான்!

இனி வண்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்க. நம் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம்; முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பைபாஸ் செய்துகொள்ளவிருந்த 19 பேருக்கு ஒரு கிளாஸ் ரெட் ஒயின் கொடுத்து ஊதச் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு முன் சராசரி 24. நம்ம ஊராக இருந்தால் போலீஸ் விட்டுவிடும். ஆறு மாதம் கழித்து அதே ஒரு கிளாஸுக்கு 88! போதை தெளிய முன்பு 49 நிமிடம், இப்போது 88 நிமிடம். திருச்சி சாலையில் கீரனூர் பக்கம் ஊதச் சொன்னால், 'ஒரே கிளாஸ்தான் சார்' என்பது உண்மையாகவே இருக்கும். வழக்கும் உண்மையாகவே பாயும்.

இன்னொரு அதிசயம்: பைபாஸ் செய்த எலிகளுக்கு மதுவை நேரே ரத்தக்குழாயில் செலுத்திக்கொள்ள வழி செய்து கொடுத்தார்கள். மற்ற எலிகளைவிட அதிகமாக அவை எடுத்துக்கொண்டன! வயிற்றை விட்டுவிட்டாலும் ஆசை கூடுகிறது என்றால் விஷயம் மூளையிலும் இருக்கிறது.

மனிதர்களிடமும் ஆபத்து உடனே தெரிவதில்லை. 2012இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், குடிநோய் அறிகுறி உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முன் 7.6 சதவீதம், முதல் ஆண்டில் கூடவில்லை, இரண்டாம் ஆண்டில் 9.6. எடை இறங்கி, ஊரே பாராட்டுகிற நேரம் பாருங்கள்!

ஆகவே, ஆபரேஷனுக்கு யோசிப்பவர்களே, குடிப்பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். செய்துகொண்டவரை விருந்தில் 'ஒரு பெக்தானே மாப்ளே' என்று வற்புறுத்தாதீர்கள்.