கடல் கடந்து வந்த வார்ப்பு அச்சுகள்

2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹஸ்புரோ நிறுவனம் 'ஜி.ஐ. ஜோ கிளாசிஃபைட்' என்னும் பெயரில் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் உயரமுள்ள பொம்மை வரிசையொன்றை விற்பனைக்கு விட்டபோது, 1980களில் அதே பெயரில் வந்த சிறிய பொம்மைகளோடு வளர்ந்து இப்போது நடுவயதை எட்டியிருப்பவர்களையும் மனத்திற்கொண்டே அதனை உருவாக்கியிருந்தது. கைகால் மூட்டுகளை அசைத்து விரும்பிய நிலையில் நிறுத்தக்கூடிய இத்தகைய பொம்மைகள் வணிக வழக்கில் ஆக்‌ஷன் ஃபிகர் எனப்படுகின்றன. மட்டெல் நிறுவனமும் அதே ஆண்டில் ஹீ-மேன் பொம்மைகளைப் பழைய 14 சென்ரிமீற்றர் உயரத்திலேயே, மூட்டுகளை மட்டும் கூட்டி, 'ஒரிஜின்ஸ்' என்ற வரிசையாக மீண்டும் வெளியிட்டது. இந்த மறுபிறப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அமெரிக்காவோடு நின்றுவிடுகின்றனர், ஆயினும் ஜி.ஐ. ஜோவின் வரலாற்றில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்துக்கு உரிய இடம் உண்டு.

ஜி.ஐ. ஜோ 1964இல் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரமுள்ள, துணிச்சீருடை அணிந்த போர்வீரன் பொம்மையாக முதன்முதலில் வந்தது. பொம்மை என்றால் அது பெண்பிள்ளைகளுக்கே உரியது என்று பெற்றோர் கருதிய காலமாதலால், விற்பவர்கள் அதைப் பொம்மை என்று அழைப்பதைத் தவிர்த்தனர். ஆக்‌ஷன் ஃபிகர் என்ற பெயர் பிறந்ததும் அப்போதுதான். வியட்நாம் போரின்மீது அமெரிக்க மக்களுக்கு வெறுப்பு வளர்ந்ததும், 1970இல் அந்த வீரன் படையணியை விட்டுச் சாகசக் குழுவொன்றின் உறுப்பினனாக மாற்றப்பட்டான். 1973இன் எண்ணெய் நெருக்கடி பிளாஸ்ரிக்கின் விலையை உயர்த்தியது. 1976 அளவில் அந்தப் பெரிய பொம்மை அமெரிக்கக் கடைகளிலிருந்து மறைந்தது. 'ஸ்டார் வோர்ஸ்' திரைப்படத்தையொட்டிக் கென்னர் நிறுவனம் வெளியிட்ட 9.5 சென்ரிமீற்றர் பொம்மைகள் பெருவெற்றி பெற்றதைக் கண்டபின், ஹஸ்புரோ 1982இல் அதே சிற்றளவில் ஜி.ஐ. ஜோவைத் திரும்பக் கொணர்ந்தது. ஒரே வீரனுக்குப் பதிலாகப் பெயரும் தொழிலும் குணமும் வேறுவேறான ஒரு படையே அப்போது வந்தது. பொதியின் பின்புறத்திலிருந்து வெட்டியெடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய வீரர் விவர அட்டைகளை மார்வல் நிறுவனத்தின் சித்திரக்கதை எழுத்தாளர் லாரி ஹமா எழுதினார். அட்டை ஓவியங்கள் பலவற்றை ஹெக்டர் கரிடோ வரைந்தார்.

அந்தச் சிறிய பொம்மையின் உள்ளமைப்பைச் சற்று அருகிருந்து பார்ப்பது தகும். முதுகில் உள்ள ஒரேயொரு திருகாணியைக் கழற்றினால் மார்பு முன்பாதி, பின்பாதி என இரண்டாகப் பிரிகிறது. தலையும் தோள்களும் அவ்விரு பாதிகளுக்கிடையே பொருத்தப்பட்டிருக்க, கால்கள் இரண்டும் ஒரு சிறு உலோகக் கொக்கியில் மாட்டப்பட்டுள்ளன. அந்தக் கொக்கியையும் மார்பையும் இணைப்பது விரல்நுனியளவான கறுப்பு இறப்பர் வளையம். இந்த வளையத்தின் இழுவையால்தான் பொம்மை இடுப்பை வளைத்தும் திருப்பியும் நிற்கிறது. 1983இல் முழங்கைக்கு மேலே சுழலும் மூட்டொன்றும் சேர்க்கப்பட்டது. அதன்பின் துப்பாக்கியை இரு கைகளாலும் பிடிக்கச் செய்ய முடிந்தது. இறப்பர் ஆண்டுகள் செல்லச்செல்ல உலர்ந்து அறுந்துவிடும். அப்போது பொம்மை இடுப்போடு இரண்டாகக் கழன்று விழும். பழைய பொம்மைகளைச் சேகரிப்பவர் முதலில் கற்கும் வேலை இந்த வளையத்தை மாற்றுவதே. உடைந்த பெருவிரலை ஒட்டவைப்பது அதைவிடக் கடினம்.

இப்பொம்மைகள் எஃகு அச்சுக்குள் உருகிய பிளாஸ்ரிக்கை அழுத்தத்தோடு செலுத்திக் குளிரவைத்து வார்க்கப்படுகின்றன. அச்சைச் செய்வதற்குத்தான் பெருஞ்செலவு ஆகும். செய்தபின் அது நெடுங்காலம் உழைக்கும். ஆகவே அமெரிக்காவில் விற்று முடிந்த பொம்மைகளின் அச்சுகளை ஹஸ்புரோ பிற நாடுகளின் உற்பத்தியாளருக்கு அனுப்பியது. பிரேசிலின் எஸ்ட்ரெலா நிறுவனமும் இந்தியாவின் ஃபன்ஸ்கூல் நிறுவனமும் அவ்வாறு அச்சுகளைப் பெற்றவற்றுள் அடங்கும். ஃபன்ஸ்கூல், டயர் உற்பத்திக்குப் பெயர்பெற்ற எம்.ஆர்.எஃப் குழுமத்தைச் சேர்ந்தது. 1987இல் ஹஸ்புரோவின் கூட்டுறவோடு கோவாவில் தொழிற்சாலை அமைத்து இயங்கத் தொடங்கியது. எம்.ஆர்.எஃப் தானே 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு பட்டறையிலிருந்து வளர்ந்தது என்பதை எண்ணும்போது, நாற்பது ஆண்டுகளின் பின் அக்குழுமம் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கே திரும்பியது மனத்துக்கு இதமான செய்தியாகிறது.

அக்கால இந்தியாவில் நுகர்பொருள் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்ததால், வெளிநாட்டுப் பொம்மை உள்நாட்டிலேயே வார்க்கப்பட்டாலன்றிப் பெரும்பாலான இந்தியச் சிறுவரின் கைக்கு எட்டியிராது. ஹீ-மேன் பொம்மைகளும் லியோ நிறுவனத்தின் வழியாகவே அங்குப் பரவின. ஃபன்ஸ்கூல் தொழிற்சாலை அச்சை அப்படியே ஏற்றாலும் வண்ணத்தில் தன் வழியே சென்றது. அமெரிக்காவில் மங்கிய பச்சையில் வந்த உடுப்பு இந்தியாவில் பளிச்சென்ற வேறொரு நிறத்தில் வந்தது. ஒரே பொம்மை ஒரு தொகுதியில் ஒரு விதமாகவும் அடுத்த தொகுதியில் இன்னொரு விதமாகவும் அமைந்தது. ஒருவனின் தலையும் வேறொருவனின் உடலும் சேர்ந்து புதிய வீரர் பிறந்ததும் உண்டு. இவற்றைத் தரக்குறைவு என்று தள்ளுவது எளிது. ஆனால் ஹஸ்புரோ 1994இல் இந்தச் சிறிய பொம்மை வரிசையை அமெரிக்காவில் நிறுத்திய பின்னரும் இந்தியாவில் பழைய அச்சுகள் ஓயாமல் வார்த்துக்கொண்டிருந்தன. 1990களின் இறுதியில் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதைக் கண்டுகொண்டு, தங்கள் நாட்டில் பழம்பொருளாகிவிட்ட வீரர்களை இந்தியாவிலிருந்து புதுப் பொதியாகவே மலிவு விலைக்குத் தருவித்தனர். மூலநாட்டில் வழக்கொழிந்த ஒரு கைத்திறனைக் காத்துவைத்த பெருமை அந்தத் தொழிற்சாலைக்கு உரியது. 2001இல் இந்தியா இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை நீக்கியபின் சீனப் பொம்மைகள் சந்தையை நிறைத்தன, ஃபன்ஸ்கூலின் ஜி.ஐ. ஜோ உற்பத்தியும் அப்பத்தாண்டிலேயே முடிவுக்கு வந்தது.

கிளாசிஃபைட் வரிசை அந்தப் பழைய அச்சுகளில் ஒன்றையேனும் பயன்படுத்தவில்லை. உருவங்கள் கணினியில் செதுக்கப்படுகின்றன. இறப்பர் வளையம் இல்லை. முழங்கையும் முழங்காலும் பெரும்பாலும் இரட்டை மூட்டுக் கொண்டவை. தொடக்கத்தில் ஒரு பொம்மையின் விலை ஏறத்தாழ 20 டொலர். 2022இல் அதே அளவுக்குப் பொருந்தும் 'ஹிஸ்' என்னும் தாங்கியை, வாங்குவோரிடம் முன்கூட்டியே உறுதி பெற்று, பின்னர் ஏறத்தாழ 300 டொலருக்கு நிறுவனம் செய்து கொடுத்தது. வேலைப்பாட்டில் புதியது பழையதை எட்டாத் தொலைவில் விட்டுச் செல்கிறது என்பதில் ஐயமில்லை. எனினும் திருகாணி ஒன்றைக் கழற்றிச் சிறுவனே பழுதுபார்க்கக்கூடிய எளிமை பழையதோடு போய்விட்டது, அது உண்மையான இழப்பே.

இலங்கையின் மன்னார்க் கரையிலிருந்து இந்தச் சேகரிப்பு ஆர்வத்தைப் பார்ப்போருக்கு வேறொன்றும் தோன்றும். பழைய பொம்மையைச் சேகரித்தல் என்பது, பிள்ளைப் பருவத்துப் பெட்டி வைத்த இடத்திலேயே இருக்கும் வீட்டைக் கொண்டவருக்கு எளிதாகக் கிட்டும் வாய்ப்பு. முசலிப் பிரதேசத்து முள்ளிக்குளம் மக்கள் 2007இல் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, அவ்வூர் கடற்படையின் தளமாகி, 2017இல் போராட்டத்தின்பின் காணியின் ஒரு பகுதி மட்டுமே விடுவிக்கப்பட்ட நிலையில், அங்கு வளர்ந்த ஒருவர் தம் சிறுவயது விளையாட்டுப் பொருளை எங்கே போய்த் தேடுவது? 1990களில் போர்ப்பகுதிகளுக்கு மின்கலங்களைக் கொண்டுசெல்லவே தடை இருந்தது. நுங்குக் கோம்பையில் செய்த வண்டிலும் பனையோலைக் காற்றாடியுமே வடகரைப் பிள்ளைகள் பலரின் கையிலிருந்தவை. உண்மையான சீருடைகளை வாசலில் கண்டு வளர்ந்தவர்கள் துப்பாக்கி ஏந்திய பொம்மையை விரும்பாதிருப்பதும் இயல்பே. அமெரிக்கப் பெற்றோரே வியட்நாம் காலத்தில் அவ்வாறு எண்ணினார்கள்.

ஃபன்ஸ்கூல் இன்று கோவாவிலும் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையிலும் பொம்மைகளைச் செய்து, வெளிநாட்டு நிறுவனங்களுக்காகவும் வார்த்து ஏற்றுமதி செய்கிறது. ஹஸ்புரோவும் சீனாவை மட்டும் நம்பியிருப்பதைக் குறைத்து, உற்பத்தியின் ஒரு பங்கை வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும் மாற்றுவதாக 2019இல் அறிவித்தது. பழைய வீரர்களைத் தேடுவோர் பொதியட்டையில் ஃபன்ஸ்கூலின் பெயரையும் இந்தியாவில் செய்யப்பட்டது என்ற குறிப்பையும் பார்த்து வாங்குகின்றனர். வாங்கியதும் இறப்பர் வளையத்தை மாற்றிவிடுவதே நல்லது.