எடை குறைப்பு அறுவை சிகிச்சை: கால்களை மறந்துவிடாதீர்கள்

எடை குறைப்பு அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டுக்குள் எப்படி நடமாடுகிறீர்கள்?" என்பதைத்தான். "நல்லாத்தான் நடக்கிறேன் டாக்டர்" என்பார்கள். கூட வந்த மகளோ மருமகளோ உண்மையைச் சொல்லிவிடுவார்: "எங்க டாக்டர் நடக்கிறாங்க? பாத்ரூம் வரைக்கும் சுவத்தப் பிடிச்சுக்கிட்டுப் போறதோட சரி."

அண்மைக் காலமாக இரண்டு வகை நோயாளிகள் என்னைக் கவலைப்படுத்துகிறார்கள். நடை குறையக் குறைய வீட்டுக்குள்ளேயே முடங்கி, கடைசியில் வீல்சேரில் வந்து இறங்குகிறவர்கள் ஒரு வகை. அறுவை முடிந்து, எடையும் நன்றாகக் குறைந்து, ஆனால் கால் இழுக்கிறது, தடுமாறுகிறது என்று தாமதமாக வருகிறவர்கள் இன்னொரு வகை. இரு தரப்புக்கும் பிரச்சினை ஒன்றுதான். எடை குறைந்தால் நடை தானாக வந்துவிடும் என்று நம்பி, கால்களை யாரும் கவனிக்கவில்லை.

சுவர், குடை, பிளாஸ்டிக் நாற்காலி

ஊன்றுகோல் வாங்க வெட்கப்படுகிறவர்கள் அதற்குப் பதிலாகக் கைக்கொள்ளும் வழிகள்தான் ஆபத்தானவை. வெயில் மழை எதுவும் இல்லாத நாளிலும் குடையை ஊன்றிக்கொண்டு வருகிறார்கள். குடைக் கம்பி ஓர் ஆளின் பாரத்தைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. அதன் கூரான முனை டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். வீட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டு நடக்கிறவர்கள் ஏராளம். 110 கிலோ எடையுள்ளவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்தும்போது அந்த நாற்காலியின் கால் அகன்று விரிந்தால் பிடிப்பதற்கு எதுவும் இருக்காது. இப்படி விழுந்து மணிக்கட்டு உடைந்து வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். கை உடைந்த பிறகு வாக்கரையும் பிடிக்க முடியாது. நடை அத்தோடு நின்றுவிடும்.

அறுவை பற்றிக் கேட்க இவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. உடல் நிறை குறியீட்டெண் 40ஐத் தொட வேண்டும், அல்லது சர்க்கரை போன்ற நோய்களோடு 35 இருக்க வேண்டும் என்பது 1991ஆம் ஆண்டு வகுத்த அளவுகோல். 2022இல் சர்வதேச அறுவை மருத்துவர் அமைப்புகள் அதைத் திருத்தின. ஆசிய மக்களுக்கு 27.5இலிருந்தே அறுவை பற்றி யோசிக்கலாம். நடக்க முடிகிறபோதே வந்து பேசுங்கள்.

ஊன்றுகோல் பற்றிய தவறான நம்பிக்கைகள்

"ஒரு தடவை கோல் பிடிச்சா அப்புறம் விடவே முடியாது." நான் அதிகம் கேட்கும் பேச்சு இது. நடப்பது நேர்மாறாக. கோல் இல்லாததால் நடப்பதைக் குறைக்கிறீர்கள். நடப்பது குறைந்ததும் தொடைத் தசை மெலிகிறது. தசை மெலிந்ததும் மூட்டு இன்னும் வலிக்கிறது. கோலைப் பிடித்து ஒரு நாளைக்கு நாலு முறை நடப்பவரின் கால், கோல் வேண்டாம் என்று கட்டிலில் உட்கார்ந்திருப்பவரின் காலைவிட வலுவாக இருக்கும். கோலை விடும் நாள் வர வேண்டுமானால் இன்று அதைப் பிடித்து நடக்க வேண்டும்.

"வலிக்கிற காலுக்குப் பக்கத்துக் கையிலதான் பிடிக்கணும்." பாதிப்பேர் இப்படித்தான் பிடிக்கிறார்கள். வலது முழங்கால் வலித்தால் கோல் இடது கையில் இருக்க வேண்டும். வலது காலும் இடது கைக்கோலும் ஒரே நேரத்தில் முன்னால் போக வேண்டும். அப்போதுதான் வலிக்கும் காலின் பாரத்தைக் கோல் பங்கிட்டுக்கொள்ளும். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் வலிக்கும் காலும் முதலில்.

"உயரமெல்லாம் எதுக்குப் பார்க்கணும்? தாத்தா வச்சிருந்த கைத்தடியே இருக்கு." வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே கோலின் கைப்பிடி இருக்க வேண்டும். பிடிக்கும்போது முழங்கை லேசாக மடிந்திருக்கும். உயரம் கூடினால் தோள் வலிக்கும். குறைந்தால் முதுகு கூனும்.

"எல்லா வாக்கரும் ஒன்றுதானே." இல்லை. சர்ஜிக்கல் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கோல்களும் வாக்கர்களும் பெரும்பாலும் 100 முதல் 130 கிலோ வரைதான் தாங்கும். அதற்கு மேல் எடை உள்ளவர்களுக்கென்று அகலமான, கனமான குழாயில் செய்த வாக்கர்கள் இருக்கின்றன. வாங்கும்போது எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள். உங்கள் எடையைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பரணில் கிடக்கும், யாரோ இறந்தபின் மிஞ்சிய வாக்கரை எடுத்துக் கொடுக்காதீர்கள். அக்குள் கட்டை வைத்திருப்பவர்கள் அதன்மேல் அக்குளை வைத்துத் தொங்கவே கூடாது. அங்கே ஓடும் நரம்பு நசுங்கிக் கை மணிக்கட்டோடு தொங்கிப் போகும். பாரம் உள்ளங்கையில்தான் விழ வேண்டும்.

எந்தக் கோல் வந்தாலும் நான் தலைகீழாகத் திருப்பி அடியில் உள்ள ரப்பர் புஷ்ஷைப் பார்ப்பேன். பல கோல்களில் அது ஒரு பக்கமாகத் தேய்ந்து, உள்ளிருக்கும் அலுமினியக் குழாயின் விளிம்பு வெளியே தெரியும். ஈரமான குளியலறைத் தரையில் அந்த விளிம்பு வழுக்காமல் என்ன செய்யும்? புது புஷ் மிகக் குறைந்த விலைதான். மாதம் ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.

"தேய்ஞ்ச மூட்டு, நடந்தா இன்னும் தேயும்." இந்தப் பயம்தான் பலரைக் கட்டிலில் கிடத்துகிறது. மூட்டைப் பாதிப்பது அளவான நடை அல்ல, அதன்மேல் ஏறும் பாரமும் மெலிந்த தசையும்தான். உடலில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. 10 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் 40 கிலோ மிச்சம்.

வலி மாத்திரையும் பெயரில்லாப் பொடியும்

மெடிக்கல் ஷாப்பில் "முட்டிவலிக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கும் மாத்திரைகள் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை. அறுவைக்கு முன் இவை சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். அறுவைக்குப் பின், குறிப்பாக இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு, இரைப்பையும் குடலும் இணைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கும். அந்தப் புண்ணில் ரத்தம் கசியலாம், ஓட்டையே விழலாம். "ஒரே ஒரு மாத்திரைதானே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். எந்த மாத்திரை போடலாம் என்பதை உங்கள் அறுவை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டலத்தில் மடித்துத் தரும் மூட்டுவலிப் பொடிகள் இதைவிட மோசம். இப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. சாப்பிட்ட சில நாளில் வலி மாயமாய் மறையும். அதனால்தான் சனம் ஓடுகிறது. ஆனால் முகம் உப்பும், எடை ஏறும், சர்க்கரை எகிறும், தொடைத் தசை கரையும், எலும்பு பலவீனமாகும். எடை குறைக்க வந்தவர் எடை ஏற்றும் மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்! இந்தப் பொடியைச் சாப்பிட்டிருந்தால் அறுவைக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். மறைத்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது உயிருக்கே ஆபத்து.

சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்குக் கொதிக்கும் உப்பு ஒத்தடம் கொடுப்பதையும் நிறுத்துங்கள். தோல் வெந்துபோவது அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகி, அறுவையே மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

அறுவைக்கு முன்: எழுந்து நிற்கப் பழகுங்கள்

ரத்தம், இதயம், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்பது, எண்டோஸ்கோபி ஆகிய பரிசோதனைகளை மருத்துவர் எழுதித் தருவார், எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

வீட்டுப்பாடம் முக்கியம். நாற்காலியில் உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டிப் பத்து எண்ணும் வரை வைத்திருங்கள். கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழப் பழகுங்கள். முடியாவிட்டால் உயரமான நாற்காலியில் தொடங்குங்கள். ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்க வேண்டாம். ஐந்து நிமிடமாகப் பல தடவை நடங்கள். அறுவைக்குப் பின் வாக்கர் தேவைப்படும் என்றால் இப்போதே வாங்கிப் பழகுங்கள். வயிற்றில் தையலோடு முதன்முதலாக வாக்கர் பிடிப்பது சிரமம்.

அறுவைக்குப் பின்: படுக்க வைக்காதீர்கள்

"ஆபரேஷன் பண்ண உடம்பு, அசையக் கூடாது" என்று பாசத்தோடு படுக்கையில் போர்த்தி வைக்கும் உறவினர்களே, இது ஆபத்து. இந்த அறுவைக்குப் பின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று, காலில் உறையும் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது. அதனால்தான் பெரும்பாலும் அன்று மாலையே எழுப்பி நடக்க வைக்கிறோம். வீடு திரும்பிய பின்னும் விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைச்சதை வலியோ வந்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

பத்தியம் என்று வெறும் கஞ்சியும் ரசமும் கொடுப்பது அடுத்த தவறு. குறையும் எடையில் கணிசமான பங்கு தசையாகவே போகிறது. அதைக் காப்பாற்ற நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது ஏறக்குறைய 6 கிராம்தான். கஞ்சியில் என்ன கிடைக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மருந்தும் பழைய அளவிலேயே தொடர்ந்தால், எழும்போது கண் இருட்டி விழ நேரும். எடை குறையக் குறைய அளவை மாற்ற மருத்துவரிடம் போங்கள். நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். பாதமும் மெலியும் என்பதால் பழைய செருப்பு தொளதொளவென்று ஆகிவிடும். செருப்பை மாற்றுங்கள், மாற்றியதும் கோலின் உயரத்தை மறுபடி பாருங்கள்.

செருப்பு நழுவினால் உடனே வாருங்கள்

பூ கட்டி விற்கும் ஓர் அம்மா, அறுவை முடிந்து சில மாதங்களில் நன்றாக இளைத்துவிட்டார். "ஒத்தச் செருப்பு கழண்டு போறதே தெரியல டாக்டர்" என்றார். நடக்கச் சொன்னேன். வலது பாதத்தின் முன்பகுதி தொங்கி, கட்டைவிரல் தரையில் உரசியது. வாதம் என்று சொல்லி வீட்டில் வாரக்கணக்கில் தைலம் தேய்த்திருக்கிறார்கள்.

முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே, தோலை ஒட்டி ஒரு நரம்பு எலும்பின்மேல் ஓடுகிறது. அதற்கு மெத்தைபோல் இருந்த கொழுப்பு வேகமாகக் கரைந்த பின், மணிக்கணக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் நரம்பு நசுங்கும். எடை குறையும் மாதங்களில் காலின்மேல் கால் போடாதீர்கள். சம்மணம், குந்துதல் இரண்டையும் குறையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள். சீக்கிரம் வந்தால் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பட்டையும் பயிற்சியும் கொடுத்துப் பெரும்பாலோரை மீட்டுவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை. விடாமல் வாந்தி எடுப்பவர்களுக்கு உடலில் பி1 வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். நடை தள்ளாடும், பார்வை இரண்டாகும், மனம் குழம்பும். அப்போது பக்கத்துத் தெருவில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ்" ஏற்றிக்கொண்டால் நிலைமை முற்றிவிடும். முதலில் பி1 ஊசி போட வேண்டும். யார் குளுக்கோஸ் ஏற்றினாலும், "எனக்கு எடை குறைப்பு அறுவை நடந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். பி12 குறைந்தால் கால் மரக்கும்; கால்சியமும் வைட்டமின் டி-யும் குறைந்தால் இடுப்பு வலித்து நடை அசையும், எலும்பு முறியும். உடம்பு நன்றாகிவிட்டது என்று சத்து மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். அவை ஆயுள் முழுக்க வேண்டும்.

மூட்டு மாற்று முதலிலா, எடை குறைப்பு முதலிலா?

ஆஸ்திரேலியாவில் மூட்டு மாற்றுக்குக் காத்திருந்த 82 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. முதலில் வயிற்றில் பட்டை பொருத்தி எடை குறைத்தவர்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேர், வலி குறைந்ததால் மூட்டு மாற்றே வேண்டாம் என்றுவிட்டார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. எலும்பு மருத்துவரையும் எடை குறைப்பு மருத்துவரையும் கலந்து பேசி முடிவெடுங்கள்.

என் வேண்டுகோள்

அமெரிக்காவில் எடை குறைப்பு அறுவை செய்துகொண்ட 2,000க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஓராண்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேரின் உடலியக்கம் தெளிவாக மேம்பட்டது. மூன்றாம் ஆண்டில் அந்தப் பங்கு சற்றுக் குறைந்தது. கிடைத்த நடையைத் தக்கவைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

கையை ஊன்றாமல் எழ முடிகிறது, நொண்டாமல் நடக்க முடிகிறது, சுவரைத் தேடிக் கை போகவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, அவர் சொன்ன பிறகு கோலை விடுங்கள். யாரோ கிண்டல் செய்தார்கள் என்பதற்காக விடாதீர்கள். வீட்டில் இருப்பவர்களே, "இந்த வயசுலயே கோலா?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் உங்கள் அம்மா குடையை ஊன்றுகிறார். குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள், மாலையில் தெருமுனை வரை கூடவே நடங்கள். அறுவைக்கு முன்னோ பின்னோ, கால் புதிதாகத் தடுமாறினால் தைலத்தைத் தேடாமல் அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டி வாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், தள்ளிப் போடாதீர்கள்.