வைக்கோலுக்குள் பூட்டிக் கிடக்கும் உணவு

சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் இரயிலில் நீங்கள் பயணம் செய்ததுண்டா? குறிஞ்சிப்பாடியை நெருங்கும்போது சன்னல் வழியே பாருங்கள். நெல் வயல்களையும் வைக்கோற்போர்களையும் காணலாம். அடுத்த கோடை முழுவதும் வீட்டு மாடுகளுக்கு அந்தப் போர்தான் சோறு. இப்போது அறுவடை எந்திரம் வந்துவிட்டதால் வைக்கோலை உருளையாகச் சுருட்டி விற்பதும் உண்டு.

வயிறு நிறைய வைக்கோல் தின்ற மாட்டுக்கு விலா எலும்பு தெரிகிறதே, ஏன்?

வைக்கோலில் பெரும்பகுதி செல்லுலோசும் அதன் இனத்தைச் சேர்ந்த பொருள்களும் ஆகும். செல்லுலோஸ் என்பது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலியே. எனவே வைக்கோலில் ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதைச் சுற்றி லிக்னின் என்னும் கடினப் பொருள் பூட்டுப் போட்டிருக்கிறது. நெற்பயிரில் மணற்சத்தாகிய சிலிக்காவும் மிகுதி. மற்றத் தானியப் பயிர்களில் தண்டைவிட இலையே எளிதில் செரிக்கும். நெல்லில் இது தலைகீழ்; இலையில் சிலிக்கா மிகுந்திருப்பதே காரணம். புரதமோ நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான்.

உண்மையில் மாடு தானாகச் செல்லுலோசைச் செரிப்பதில்லை. அதன் இரைப்பையில் நான்கு அறைகள் உள்ளன. முதல் அறையான ரூமென், காற்றில்லாத வெதுவெதுப்பான ஒரு நொதிதொட்டி. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் நாரைச் சிதைக்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களே செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகின்றன. ஆகவே மாட்டுக்குத் தீனி போடுபவர் முதலில் இந்த நுண்ணுயிர்களுக்குத்தான் தீனி போடுகிறார்! அவற்றுக்கு வேண்டிய நைட்ரஜன் வைக்கோலில் போதாது.

அந்த நைட்ரஜனைப் புரதமாகவே கொடுக்க வேண்டுமா? பின்லாந்து நாட்டு வேதியியலர் விர்த்தனென், பசுந்தீவனத்தைக் கெடாமல் காக்கும் முறைக்காக 1945இல் நோபல் பரிசு பெற்றவர். 1960களில் அவர் சில பசுக்களுக்குப் புரதமே இல்லாத தீனியுடன், நைட்ரஜனுக்காக யூரியாவையும் அம்மோனிய உப்புகளையும் கொடுத்துப் பார்த்தார். அவற்றுள் ஆண்டுக்கு 4,000 கிலோவுக்கும் மேல் பால் கறந்த பசு உண்டு.

கால்நடை உணவியல் படித்து ஆராய்ச்சிக்குப் போக எண்ணும் மாணவர்கள், நைலான் பை சோதனையை அறிந்திருக்க வேண்டும். பசுவின் இடது விலாப்புறத்தில் அறுவை செய்து, ரூமெனுக்குள் திறக்கும் மூடியுள்ள வளையம் ஒன்றைப் பொருத்துவார்கள். புண் ஆறியபின் பசு பல ஆண்டுகள் இயல்பாக மேய்ந்து வாழும். எடை பார்த்த வைக்கோல் தூளை நுண்துளை நைலான் பையிலிட்டு, மூடியைத் திறந்து உள்ளே இறக்குவார்கள். துளை வழியே நுண்ணுயிர் நுழையும், வைக்கோல் வெளியேறாது. 24 மணி, 48 மணி கழித்து எடுத்துக் கழுவி, உலர்த்தி, மீண்டும் எடை பார்த்தால், எவ்வளவு கரைந்தது என்று தெரிந்துவிடும். நள்ளிரவிலும் பை எடுக்க எழ வேண்டும். சட்டையில் சாண வாடை போகாது. இதுவே இத்துறையினரின் அன்றாடம்.

பூட்டைத் திறக்கும் வழியும் யூரியாதான். 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை ஏறத்தாழ 50 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதிக்க வேண்டும். காற்றுப் புகாமல் மூடி, மூன்று வாரம் விட வேண்டும். யூரியா அம்மோனியாவாக மாறி லிக்னினின் பிணைப்புகளைத் தளர்த்துகிறது, நைட்ரஜனும் கூடுகிறது. கொடுக்குமுன் வைக்கோலைச் சிறிது நேரம் காற்றாட விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. யூரியாவைக் கழுநீரில் கரைத்துக் குடிக்கவைத்தால் மாடு இறந்துவிடக்கூடும். நுண்ணுயிர்கள் பயன்படுத்துவதைவிட விரைவாக அம்மோனியா இரத்தத்தில் கலந்து நஞ்சாகிவிடும். ரூமென் முதிராத, ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இந்த வைக்கோலும் ஆகாது.

சோதனைச்சாலையில் வென்ற இம்முறை சிற்றூர்களில் பரவலாக வேரூன்றவில்லை. மிதிக்க ஆள், மூடப் படுதா, தண்ணீர் எல்லாம் வேண்டுமே! விவசாயிகளைக் குறை சொல்வது எளிது. ஆனால் நைலான் பை அவர்களுடைய கூலிக் கணக்கை அளப்பதில்லை. 1980களில் ஆஸ்திரேலியப் பேராசிரியர் லெங், ஆனந்தில் தேசிய பால்வள வாரியத்துடன் இணைந்து வேறு வழியை வளர்த்தார். யூரியா, வெல்லப்பாகுக் கழிவு, தாது உப்புகள் கலந்த கட்டியைத் தொட்டியருகே வைத்துவிடுவது. மாடு நக்கி நக்கித்தான் உண்ண முடியும் என்பதால் ஒரேயடியாக யூரியா உட்செல்லாது.

பாசன வசதியுள்ளவர்கள் கம்பு நேப்பியர் புல்லுக்கு ஒரு மூலை ஒதுக்கலாம். கம்புக்கு 14 குரோமோசோம்கள், நேப்பியர் புல்லுக்கு 28. இரண்டும் சேர்ந்த கலப்பினத்துக்கு 21. ஒற்றைப்படையானதால் முளைக்கும் விதை பிடிப்பதில்லை. கரணை வெட்டித்தான் நட வேண்டும். உங்கள் ஊரில் யாரேனும் வளர்த்தால் இரண்டு கரணை கேட்டு வாங்கி நட்டுப் பாருங்கள். இரண்டரை மாதத்தில் முதல் அறுப்புக்கு வந்துவிடும்.