வேதமா? இலக்கியமா?
ஒரே புத்தகத்தைப் பலர் படித்தார்கள். ஆளுக்கொரு வழியில் போனார்கள்!

தூத்துக்குடியில் பாளையங்கோட்டை ரோட்டில் இருக்கிறது மில்லர்புரம். அங்கே ஒரு தெருவில் ஒரு பையன். இந்துக் குடும்பத்துப் பையன். பள்ளிக்கூட விடுமுறை. வீட்டில் உள்ள கதைப் புத்தகங்களை எல்லாம் படித்து முடித்துவிட்டான். பக்கத்து வீட்டுக்குப் போய், "அத்தை, உங்க பைபிளைக் கொஞ்சம் தாங்க. கதை படிக்கணும்" என்று கேட்கிறான்.

இப்படி வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

"கதைப் புத்தகமா? இது வேதம்ப்பா!" என்று அந்த அத்தைக்கு வருத்தம் வரலாம். பையனின் தாயாரோ, "நமக்கு எதுக்குடா அது? படிக்கப் போய், அப்புறம் அந்தப் பக்கமே போயிருவே!" என்று பயப்படலாம்.

இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேருக்கும் பயம். ஒருவருக்கு, கதை என்று சொன்னால் வேதத்தின் புனிதம் போய்விடுமோ என்ற பயம். இன்னொருவருக்கு, கதை என்று தொட்டால் பிள்ளை மதம் மாறிவிடுவானோ என்ற பயம்.

இந்தப் பயங்கள் சரிதானா? இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. தூத்துக்குடியில் இருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் சாயர்புரம் வரை போனால் போதும்.

சாயர்புரத்தில் இருவர்

1842-ம் ஆண்டு சாயர்புரத்துக்கு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வந்தார். அவர்தான் ஜி. யு. போப். வேதத்தைப் பரப்ப வந்தவர் அவர். ஆனால் தமிழ் அவரைப் பிடித்துக்கொண்டது. திருக்குறளை ஆங்கிலத்தில் எழுதி 1886-ல் வெளியிட்டார். 1893-ல் நாலடியார். 1900-ல், தமது 80-வது வயதில், திருவாசகம்!

சிவபெருமானை நினைத்து உருகும் பாடல்கள் அவை. அதை ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் வரிவரியாகப் படித்தார். மனம் கரைந்தார். மதம் மாறினாரா? இல்லை. 1908-ல் சாகும்வரை பாதிரியாராகவே இருந்தார்.

போப் சாயர்புரத்தை விட்டுப் போய்ச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, 1853-ல், அதே ஊருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு இளைஞர் வந்தார். பெயர் கிருஷ்ண பிள்ளை. திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் 1827-ல் பிறந்தவர். வைணவக் குடும்பம். கம்பராமாயணத்தில் ஊறியவர்.

அவரும் படித்தார். ஆனால் அவர் போன வழி வேறு. 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை ஆனார். பழைய நம்பிக்கையை விட்டாரே தவிர, கம்பனை விடவில்லை. ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர் 1678-ல் வெளியிட்ட ஒரு யாத்திரைக் கதையைத் தழுவி, கம்பனிடம் கற்ற தமிழிலே, 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியம் பாடினார். அது 1894-ல் வெளிவந்தது. 'கிறிஸ்தவக் கம்பர்' என்று அவரைப் புகழ்ந்தார்கள்.

பார்த்தீர்களா? ஒரே ஊர். அடுத்தவர் நூலைப் படித்த இரண்டு பேர். ஒருவர் மாறினார். ஒருவர் மாறவில்லை.

யாழ்ப்பாணத்து நாவலர்

கடலைத் தாண்டி யாழ்ப்பாணம் போனால் இன்னும் வியப்பு!

1822-ல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், சைவத்துக்காகவே வாழ்ந்தவர். அந்த நாவலர்தான் இளமையில் பெர்சிவல் பாதிரியாருடன் உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உதவினார். மொழிபெயர்ப்பு என்றால் ஒரு சொல்லைக்கூடத் தாண்டிப் போக முடியாது. அவ்வளவு நுணுக்கமாக அந்தப் புத்தகத்தைப் படித்த சைவர் அந்தக் காலத்தில் வேறு ஒருவர் இருந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

படித்துவிட்டு என்ன செய்தார்? 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1854-ல் 'சைவ தூஷண பரிகாரம்' என்ற நூலை வெளியிட்டார். "கோவில் சடங்குகளைக் குறை சொல்லுகிறீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டிலும் ஆலயமும் பலியும் தூபமும் இருக்கின்றனவே!" என்பது அதில் அவர் வைத்த வாதம். படித்த படிப்பே அவருக்கு ஆயுதம் ஆயிற்று.

நம் காலத்துக்கு வருவோம். 'அர்த்தமுள்ள இந்துமதம்' எழுதிய கவிஞர் கண்ணதாசன்தான் 'இயேசு காவியம்' பாடியவரும். கவிஞர் 1981-ல் காலமானார். காவியம் 1982-ல் வெளிவந்தது. இந்துவாக இருந்தபடியே இயேசுவின் கதையைப் பாட அவருக்குத் தடை எதுவும் தோன்றவில்லை.

ஆக, படித்த எல்லோரும் ஒரே வழியில் போய்விடவில்லை. ஒருவர் நம்பினார். ஒருவர் எதிர்த்து வாதாடினார். ஒருவர் ரசித்துப் பாடினார். புத்தகம் யாரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. அவரவர் மனம் அவரவரை நடத்திற்று.

அப்படி என்ன இருக்கிறது?

பைபிள் என்பது ஒரே புத்தகம் அல்ல. அந்தச் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'புத்தகங்கள்' என்றே பொருள். சீர்திருத்தத் திருச்சபையார் பைபிளில் 66 நூல்கள். கத்தோலிக்கர் பைபிளில் 73. வரலாறு உண்டு, சட்டம் உண்டு, பழமொழி உண்டு, கடிதம் உண்டு, காதல் பாட்டுக்கூட உண்டு!

யோபு என்ற செல்வந்தரின் கதையைப் பாருங்கள். விண்ணுலகத்தில் ஒரு வாக்குவாதம். அதன் பலனாக மண்ணுலகத்தில் ஒரு நல்லவர் சொத்தை இழக்கிறார். பிள்ளைகளை இழக்கிறார். உடம்பெல்லாம் புண். இதைப் படிக்கும் தமிழருக்கு யார் நினைவு வரும்? அரிச்சந்திரன் நினைவுதான்! ஆனால் ஒரு வித்தியாசம். அரிச்சந்திரன் பொறுத்துக்கொண்டான். யோபு கடவுளிடமே நியாயம் கேட்கிறார்.

ஆபிரகாம் தம் மகனைப் பலி கொடுக்கக் கூட்டிப் போகிற கதை இன்னொன்று. நம் சிறுத்தொண்டர் கதையை அறிந்தவர்களுக்கு நெஞ்சு பதறும். மூன்று நாள் வழி நடக்கிறார்கள். தகப்பன் மனத்தில் என்ன ஓடிற்று? நூலில் ஒரு சொல் இல்லை. 'பலிக்கு ஆடு எங்கே?' என்று பிள்ளை கேட்பது இருக்கிறது. அந்த மௌனம்தான் நம்மை உலுக்குகிறது. கடைசியில் பிள்ளை பிழைக்கிறான். எரிக் அவர்பாக் என்ற ஜெர்மன் அறிஞர் 1946-ல் வெளியிட்ட நூலில், இந்த மௌனத்தைக் கிரேக்கக் காவியத்தின் விரிவான வருணனையோடு ஒப்பிட்டு எழுதினார். அது உலகப் புகழ் பெற்றது.

எஸ்தர் என்ற அரசியின் கதையில், எபிரேய மூலத்தில், கடவுள் என்ற பேச்சே வரவில்லை. 119-வது சங்கீதம் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களையும் வரிசையாக வைத்து, எழுத்துக்கு 8 அடியாக, 176 அடிகளில் பாடியது. நம் ஔவையார் ஆத்திசூடியை அகர வரிசையில் பாடவில்லையா? அதே கைத்திறன்தான்!

எபிரேயப் பாட்டில் எதுகை மோனை முக்கியம் அல்ல. முதல் அடியில் சொன்னதை அடுத்த அடியில் வேறு சொல்லால் திரும்பச் சொல்லுவார்கள். நம் தாய்மார்கள் ஒப்பாரியில் ஒரு துக்கத்தையே இரண்டு விதமாகச் சொல்லி அழுவது இல்லையா, அதைப் போல. இதை இலக்கண முறையில் விளக்கிக் காட்டியவர் ராபர்ட் லவ்த் என்ற ஆங்கிலேயர். அவருடைய சொற்பொழிவுகள் 1753-ல் அச்சாயின.

அவர் யார் தெரியுமா? பாதிரியார்! பிறகு லண்டன் நகரத்துக்கே பிஷப் ஆனவர். பாட்டின் அழகை ஆராய்ந்ததால் அவருடைய பக்தி குறைந்துவிடவில்லை. பக்கத்து வீட்டு அத்தையின் பயத்துக்கு இதுவே பதில். 'கதை' என்றால் 'பொய்' என்று பொருள் இல்லை. கம்பனை ரசிக்கிறவர் ராமனை இகழ்கிறவரா என்ன? வேதம் என்று வணங்குகிறவர் வணங்கட்டும். இலக்கியம் என்று படிக்கிறவர் மரியாதையோடு படிக்கட்டும். இந்த நியாயம் எல்லா மத நூலுக்கும் பொது.

முத்தின் கதை

முத்துக்குளித்துறை மக்களுக்குப் புத்தகம் புதிது அல்ல. இந்தக் கரையில் பணி செய்த அண்டிரிக் அடிகளார்தான் 1578-ல் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலைக் கொல்லத்தில் அச்சிட்டவர். 1586-ல் புனிதர்களின் கதைகளை 'அடியார் வரலாறு' என்று அச்சிட்டுக் கொடுத்தவரும் அவரே.

பைபிளிலும் ஒரு முத்துக் கதை உண்டு. இயேசு சொன்னது. மிகச் சிறியது. நல்ல முத்துக்களைத் தேடி அலைந்தான் ஒரு வியாபாரி. விலைமதிப்பற்ற ஒரு முத்தைக் கண்டான். தன்னிடம் இருந்ததை எல்லாம் விற்று அதை வாங்கினான். அவ்வளவுதான் கதை.

பக்தர்கள் இதில் கடவுளின் அரசைக் காண்கிறார்கள். தூத்துக்குடிக்காரருக்கோ இன்னொன்றும் தெரியும். 1961-ம் ஆண்டுக்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் தாத்தாமார் சொன்ன கதைகள் வீடுகளில் உண்டு. மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கியவர் எத்தனை பேர்! அள்ளிவந்த சிப்பிகளைத் திறந்து திறந்து வெறுமையாகப் போட்டது எத்தனை! ஒரு நல்ல முத்துக்கு ஏன் எல்லாவற்றையும் விற்றான் என்று இந்தக் கரைக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம்.

அந்தப் பையன் இந்த ஒரு கதையைப் படித்துவிட்டு வந்து, "அம்மா, நம்ம ஊர் முத்துக் கதை அதுலே இருக்கு!" என்று சொன்னால், அந்தத் தாயும் அடுப்படியை விட்டு வந்து உட்கார்ந்து கேட்பாள். புத்தகத்தைக் கொடுத்த அத்தையும் வாசலில் நின்று கேட்பாள்.