மேட்டைக் காப்பது மரத்தடி

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரமும் செம்பனையும் நிற்கும் மேடுகள் அசையாதவை போலத் தோன்றும். நிலத்தின் வடிவம் உருவாகி மாறும் விதத்தை ஆராயும் புவிப்புறவியலோ அவற்றை இன்னும் முடியாத வேலையாகவே பார்க்கிறது. பனியாறும் எரிமலையும் இல்லாத இங்கே உளி பிடிப்பது நீர். அது முதலில் பாறையை உள்ளிருந்தே உளுக்க வைக்கிறது. நெகிரி செம்பிலான் வரை நீளும் திதிவங்சா மலைத்தொடரின் பெரும்பகுதி, ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த கருங்கல். கரியமில வாயு கரைந்து இலேசான அமிலமாகும் மழைநீர் அதற்குள் இறங்கும்போது, பெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிறது; குவார்ட்ஸ் மணலாக உதிர்கிறது; இரும்பு துருவேறிச் செம்மண்ணுக்கு நிறம் தருகிறது. வெப்பமும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழையும் உள்ள இத்தகைய நாட்டில் பாறை 30 மீட்டர் ஆழம் வரைகூட உளுத்துப்போவதுண்டு. உளுத்ததைக் கழுவிச் செல்வது நீரின் அடுத்த வேலை.

இத்தனை மழையிலும் மேடு கரையாமல் நிற்கக் காரணம் மரங்கள்தான் என்பார்கள். அது பாதி உண்மை. உயர்ந்த மரத்தின் இலைகளில் சேரும் நீர் பெருந்துளிகளாகத் திரண்டு விழுந்து, வெறும் தரையை மழையைவிடக் கடுமையாகக்கூடத் தாக்கும். அடியைத் தாங்குவது தரையில் கிடக்கும் சருகும் சிறுசெடியும் மேல்வேரும்தான். தொடக்ககால ரப்பர்த் தோட்டங்கள் இதற்குச் சான்று. புல் முளைக்கவிடாமல் சுரண்டி வைத்த சரிவுகளில், மரம் நின்றும் மேல்மண் நிற்கவில்லை. அதன் பிறகே அவரையினக் கொடிகளை மூடுபயிராக விடுவதும், சரிவின் குறுக்கே படி வெட்டுவதும், வண்டல் தேங்கக் குழி தோண்டுவதும் தோட்ட வழக்கமாயின.

இந்த மண் இழப்பு மனிதன் செய்த கேடுதானே, இயற்கையின் செயல் எப்படி ஆகும் என்று கேட்கலாம். நெகிரி செம்பிலானின் லிங்கி ஆற்றைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங் பகுதியின் வெள்ளீயம் படகில் இறங்கிய அந்த ஆறு, வெள்ளீயச் சுரங்கங்கள் கிளறிய மண்ணால் தூர்ந்தது. மண்ணைத் தளர்த்தியது மனிதன். ஆனால் அதைச் சுமந்து, வேகம் குறைந்த இடத்தில் பருமணலை முன்னும் நுண்களிமண்ணைப் பின்னும் இறக்கியது ஆற்றின் இயல்பு. மனிதன் மாற்றுவது வேகத்தை மட்டுமே. இழந்த மண்ணைப் பாறை உளுத்து ஈடுசெய்யும் என்று காத்திருக்கவும் முடியாது. ஒரு மீட்டர் பாறை மண்ணாகப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும், அதைக் கழுவிவிட அதில் சிறு பங்கு காலமே போதும். ஆகவே பழைய மரங்களை வீழ்த்தி மறுநடவு செய்யும் காலமே ஒரு தோட்டத்துக்கு ஆபத்தான காலம். கன்று நடுவதோடு மூடுபயிரையும் விதைப்பது உபரிச் செலவன்று. மேட்டை மேடாக வைத்திருப்பதற்கான விலை அது.